பொறவு?

ராத்திரி ஏழு மணிக்கு மின்சாரம் போனால் எங்கள் வீட்டில் சந்தோஷப்படுகிற ஒரே ஆள் நான்தான். மனைவிக்குத் தேங்காய் பாதி அரைபட்ட நிலையில் மிக்ஸி நின்றுவிடும். மகளுக்கு மறுநாள் யூனிஃபார்ம் தேய்ப்பது நடுவில் நிற்கும். மருமகன் மின்வாரியத்துக்குப் போன் போட்டு, யாரும் எடுக்காத மணியைக் கேட்டுக்கொண்டு திண்ணையில் நிற்பார். எனக்கு மட்டும் மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு. டிவி அணைந்து அரை நிமிடம் ஆகவேண்டும். அதற்குள் இருட்டில் இரண்டு ஜோடிக் கால்கள் தடதடவென்று என் கட்டிலை நோக்கி ஓடிவரும். பேத்தி இரண்டாம் வகுப்பு. பேரன் எல்.கே.ஜி. ஒருத்தி வலது பக்கம், ஒருவன் இடது பக்கம். நடுவில் நான், என் முழங்கால் தைல வாசனையோடு.

"பாட்டா, கதை."

ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் மழை பிடித்தால் வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது இந்தப் பாக்கியம் கிடைத்துவிடும். மற்ற நாட்களில் நான் டிவியோடும் கைபேசியோடும் போட்டி போடவேண்டும். அந்தப் போட்டியில் நான் ஜெயித்ததே இல்லை.

கதை ஆரம்பித்ததும் பேரன் ஒரு வார்த்தை சொல்வான். "பொறவு?" நான் இன்னும் முதல் வாக்கியத்தையே முடித்திருக்க மாட்டேன். "ஒரு ஊர்ல" என்றால் "பொறவு?". "ஒரு பாட்டி" என்றால் "பொறவு?". நாஞ்சில் நாட்டில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு இதில் விசேஷம் ஒன்றும் தெரியாது. நான் புதுச்சேரிக்காரன். எங்கள் ஊரில் அது "அப்புறம்". பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லித்தந்த பிரெஞ்சு மொழியில் அதே பொருளுக்கு "அப்ரே". அப்புறமும் அப்ரேயும் ஒன்றுபோல ஒலிப்பதை நினைத்து ஏழு வயதில் நான் வியந்திருக்கிறேன். இரண்டுக்கும் உறவு இல்லை என்று பின்னால் தெரிந்தது. இப்போது எழுபத்தைந்தில் மூன்றாவதாக ஒரு வார்த்தை வந்திருக்கிறது, பொறவு.

என்னைப் பற்றி இரண்டு வரி. அப்பா பிரெஞ்சு ஆட்சியில் ஒரு சின்ன உத்தியோகத்தில் இருந்தவர். பிள்ளையும் பிரெஞ்சு படித்தால் சோற்றுக்குக் கஷ்டமில்லை என்று நம்பினார். நான் பிரெவே பரீட்சை எழுதும்போது பிரெஞ்சுக்காரர்கள் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகிவிட்டன! பிறகு தட்டுத் தடுமாறி ஆங்கிலம் கற்று, அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, எழுத்தராகவே (கொஞ்சம் மேலான எழுத்தராக) 2010-இல் வெளியே வந்தேன். மாமனார் தேரூர்க்காரர். புதுச்சேரிக்குத் தமிழாசிரியராக வந்தவர். அவருடைய மகளைக் கட்டியதால் நான் உங்கள் ஊருக்கு மருமகன். ஓய்வுக்குப் பிறகு மனைவியின் வீட்டுக்கே குடிவந்துவிட்டோம். மகளுக்கும் நாகர்கோவிலிலேயே வேலை, இங்கேயே சம்பந்தம். அதனால் பேரப்பிள்ளைகள் இரண்டும் சுத்த நாஞ்சில் நாட்டுப் பிரஜைகள். புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தது 1954 நவம்பர் 1. கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1. கொடியேற்றத்தன்று என் பேத்தி பள்ளியில் வாங்கிவரும் மிட்டாயில் பாதி எனக்குச் சேரவேண்டியது என்று நான் வாதாடுவதுண்டு. அவள் தருவதில்லை.

கதைக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்தது ஒரே கதைதான். பாட்டி வடை சுட்ட கதை.

நான் சின்னவனாக இருந்தபோது இந்தக் காக்கா என் வாழ்க்கையில் இரண்டு தடவை வந்தது. ராத்திரி அம்மா சொன்ன கதையில் அதன் வாயில் வடை இருந்தது. பகலில் பள்ளிக்கூடத்தில் அதன் வாயில் சீஸ் இருந்தது. லா ஃபோந்தேன் என்ற கவிஞர் 1668-இல் வெளியிட்ட நீதிக்கதைப் பாடல்களில் அதுவும் ஒன்று. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வகுப்பின் முன்னால் நின்று ஒப்பிக்க வேண்டும். ஒரு சொல் தவறினாலும் அன்றைக்கு வீட்டுக்கு நேரம் கழித்துத்தான் போகமுடியும். நான் தவறாமல் ஒப்பித்தேன். ஆனால் சீஸ் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. தெருவில் ஒருவர் வீட்டிலும் பார்த்ததில்லை. வாத்தியாரைக் கேட்கும் தைரியமும் இல்லை. ஒரே காக்கா பகலில் வெள்ளைக்காரத் தெருவில் சீஸைத் திருடிக்கொண்டு, ராத்திரி எங்கள் தெருவுக்கு வந்து வடையைத் திருடுகிறது என்று நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். சீஸை முதன்முதலாகச் சாப்பிட்டபோது எனக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. உப்புப் போட்ட சோப்புக்கட்டிபோல இருந்தது. இதற்காகவா அந்த நரி அவ்வளவு புகழ்ந்தது என்று பரிதாபமாகிவிட்டது.

பிரெஞ்சுக் கதையில் பாட்டி கிடையாது. காக்கா கிளையில் உட்கார்ந்திருக்கிறது, வாயில் சீஸ் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது, யாருடையது என்ற பேச்சே இல்லை. நரி புகழ்கிறது, காக்கா வாயைத் திறக்கிறது, சீஸ் விழுகிறது. புகழ்ச்சிக்கு மயங்காதே, இந்தப் பாடத்துக்கு ஒரு சீஸ் விலை கொடுக்கலாம் என்று நரியே நீதியும் சொல்லிவிட்டுப் போகிறது. நம் கதை பாட்டியிடம் தொடங்குகிறது. அடுப்பு, எண்ணெய், வடை எல்லாம் முதலில் வந்துவிடுகின்றன. இந்த வித்தியாசத்தை அறுபது வருடம் நான் கவனிக்கவே இல்லை. கவனித்தது என் பேத்தி.

போன வருடம் ஒரு மழை ராத்திரி. நரி வடையைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் கதை முடிந்தது என்று நான் போர்வையை இழுத்தேன்.

"பொறவு?" என்றான் சின்னவன்.

"அவ்வளவுதான். நரி ஓடிப்போச்சு."

பெரியவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அப்ப பாட்டிக்கு?"

"பாட்டிக்கு என்ன?"

"பாட்டி வடை போச்சுல்லா. ஒரு வடை எத்தனை ரூவா?"

சுசீந்திரத்தில் நான் டீ குடிக்கிற கடையில் பத்து ரூபாய் என்றேன்.

"அப்ப பாட்டிக்குப் பத்து ரூவா நட்டம். யாரு குடுப்பா?"

முப்பது வருடத்துக்கு மேல் தணிக்கைக் குறிப்புகளுக்குப் பதில் எழுதியவன் நான். இப்படி ஒரு ஆட்சேபணை எனக்கு வந்ததில்லை. காக்கா திருடியது, நரி ஏமாற்றியது, இரண்டு பேரும் போய்விட்டார்கள். அசல் நஷ்டம் யார் கணக்கில் எழுதப்பட்டது? லா ஃபோந்தேனும் சொல்லவில்லை, என் அம்மாவும் சொல்லவில்லை. நான் தூங்குவதுபோலக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் பார்த்தேன். விடுவாளா? கடைசியில் அவளே தீர்த்துவைத்தாள். நரி திரும்பி வந்து பாட்டிக்குப் பாத்திரம் கழுவிக்கொடுக்கவேண்டும், காக்கா விறகு பொறுக்கிக்கொண்டு வரவேண்டும். சின்னவனுக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை. "அந்த வடைய நான் தின்னுட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான். வழக்கு அத்தோடு முடிந்தது.

ரூசோ என்று ஒரு பெரிய சிந்தனையாளர். பிரெஞ்சுப் படித்தவர்கள் அவர் பெயரைச் சொல்லாமல் தப்பிக்கமுடியாது. குழந்தைகளை எப்படி வளர்க்கவேண்டும் என்று 1762-இல் 'எமில்' என்ற பெரிய புத்தகம் எழுதினார். அதில் இதே காக்கா பாட்டை எடுத்துவைத்து வரிவரியாகப் பிய்த்துப் போட்டிருக்கிறார். சீஸ் என்றால் என்ன, எந்தச் சீஸ் என்று குழந்தை கேட்காதா என்கிறார். (அவர் மட்டும் என் வகுப்பில் இருந்திருந்தால்!) குழந்தைகள் இந்தக் கதையைக் கேட்டு ஏமாறாமல் இருக்கக் கற்றுக்கொள்வதில்லை, காக்காவைப் பார்த்துச் சிரித்துவிட்டு நரியின் பக்கம் சேர்ந்துவிடுகிறார்கள், ஏமாற்றத்தான் கற்றுக்கொள்கிறார்கள் என்பது அவர் வாதம். நல்ல வாதம்தான். ஆனால் என் வீட்டில் இரண்டும் காக்கா பக்கமும் போகவில்லை, நரி பக்கமும் போகவில்லை. பாட்டி பக்கம் போய்விட்டன. பாவம், ரூசோவுக்குப் பாட்டி இருக்கிற கதை தெரியாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். குழந்தை வளர்ப்புக்குப் புத்தகம் எழுதிய இதே ரூசோ, தனக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அனாதை இல்லத்தில் விட்டுவிட்டார். பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். இளமையில் இதைப் படித்தபோது நான் கேலியாகச் சிரித்தேன். இப்போது சிரிக்க வருவதில்லை.

காரணம் 1987-இல் நடந்த ஒன்று.

அப்போது என் மகளுக்கு நான்கு வயது. புதுச்சேரியில் ஓட்டு வீடு, ஒற்றை அறை, ஒரு மேசை விளக்கு. அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை. மாதக் கடைசியில் முடியாத தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவேன். கொண்டுவரக்கூடாது என்பது விதி. எல்லோரும் கொண்டுபோனார்கள், நானும் கொண்டுபோனேன். கார்பன் வைத்து மூன்று பிரதி. அடித்தல் திருத்தல் இருந்தால் கருவூலத்தில் திருப்பிவிடுவார்கள். ஒரு பட்டியல் திரும்பினால் முப்பது குடும்பங்களுக்கு ஒன்றாம் தேதி சம்பளம் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லியே நான் எல்லாவற்றிலிருந்தும் தப்பித்துக்கொண்டேன்.

அவள் தினமும் மேசைப் பக்கம் வந்து நிற்பாள். "அப்பா, கதை." நான் நிமிராமல் "நாளைக்கு" என்பேன். "நாளைக்கு அப்புறம்?" என்பாள். "நாளைக்கு அப்புறம் நாளான்னைக்கு." எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவளுக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்டதில்லை.

ஒரு ராத்திரி நான் கொல்லைப்புறம் போய்த் திரும்புவதற்குள் அவள் நாற்காலியில் ஏறி, என் சிவப்புமைப் பேனாவை எடுத்து, பட்டியலின் கடைசிப் பக்கத்தில் ஒரு காக்கா வரைந்திருந்தாள். எனக்கு அது காக்கா என்று தெரியவில்லை. ஒரு உருண்டை, இரண்டு குச்சி, ஒரு மூக்கு. கூட்டுத்தொகை இருந்த இடத்தில் அந்த உருண்டை. நான் அடித்தேன். முதுகில் ஒன்று, கையில் ஒன்று. அவள் சத்தம் போட்டு அழவில்லை. மனைவி வந்து தூக்கிக்கொண்டு போனாள். போகும்போது, "பிள்ளை காக்கா படம் வரைஞ்சிருக்கு. நீங்க கதை சொல்லுவியன்னு நெனச்சு" என்று மட்டும் சொன்னாள். விடியும்வரை உட்கார்ந்து அத்தனை தாளையும் மறுபடி எழுதினேன். கெட்டுப்போன தாளைக் கிழித்துப் போட்டேன். ஒன்றாம் தேதி எல்லோருக்கும் சம்பளம் வந்துவிட்டது. எனக்கும் வந்தது.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் கதை கேட்கவில்லை. கேட்காமல் போனதை நான் கவனிக்கவும் இல்லை. தொந்தரவு குறைந்தது என்றுதான் நினைத்தேன். நல்ல மார்க் வாங்கினாள், வேலைக்குப் போனாள், என்னோடு மரியாதையாகப் பேசுவாள். மரியாதை என்ற சொல்லை இங்கே யோசித்துத்தான் எழுதுகிறேன்.

இப்போதுள்ள காலை வேளைகளை நினைத்தால் எனக்கு ஒரு திருட்டுச் சந்தோஷம் வருகிறது. ஆறரைக்குச் சின்னவனை எழுப்புவது என் பொறுப்பு. கண்ணைத் திறக்காமலேயே வாயைத் திறப்பான். ஒரு மட்டிப்பழம் வாய்க்குள் போனபிறகுதான் கண் திறக்கும். (நம் மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தித்தாளை அவனுக்குப் படித்துக் காட்டினேன். "பழம் எங்க?" என்றான்.) பிறகு சட்டைப் பித்தான். தானே போடவேண்டும், நான் தொடக்கூடாது. முதல் பித்தானை இரண்டாம் ஓட்டையில் போடுவான். அதனால் கடைசியில் ஒரு பித்தானுக்கு ஓட்டை இருக்காது. குனிந்து அதைப் பார்ப்பான். தலையைச் சொறிவான். "பாட்டா, சட்டையில ஓட்ட காணல்ல" என்பான். தினமும் இதே நாடகம். ஒரு நிமிடத்தில் நானே போட்டுவிடலாம். ஆனால் எனக்கு எந்தப் பட்டியலும் போடவேண்டியதில்லை. ஏழே முக்காலுக்கு வேன் வரும் வரைக்கும் அந்த ஒரு பித்தானைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நேரம் இருக்கிறது.

சனி, ஞாயிறு சாயங்காலம் மழை இல்லையென்றால் குளத்தங்கரை. சுசீந்திரம்-தேரூர் ஈரநிலங்கள் 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததிலிருந்து பெரிய கேமராக்களோடு ஆட்கள் வருகிறார்கள். நாங்கள் வெறுங்கண்ணோடு போகிறோம். கையில் ஒரு பொட்டலம் ஏத்தங்காய் வத்தல். எண்ணிக்கை எடுப்பது எழுத்தன் புத்தி, என்னை விட்டுப் போகாது. கொக்கு இத்தனை, நாரை இத்தனை, கூழைக்கடா இத்தனை என்று எண்ணுவேன். பேத்தி சரியாக எண்ணுவாள். சின்னவன், "ஒண்ணு, ரெண்டு, மூணு, ஏழு, வத்தல் தாங்க" என்பான். ஒருநாள் நீர்க்காகம் ஒன்று முங்கி, மீனோடு எழுந்து, அதை வானத்துக்கு எறிந்து பிடித்து விழுங்கியது. "இதுட்ட நரி வந்தா ஒண்ணும் நடக்காது. வாயில வச்சுக்கிட்டே இருக்காதுல்லா" என்றாள் பேத்தி. காக்கா கதை அவளுக்கு இன்னும் முடியவில்லை என்பது எனக்கு அப்போது தெரிந்தது.

கவிமணி பிறந்த ஊர் இது. உமர் கய்யாமையும் புத்தர் கதையையும் தமிழில் பாடியவர், பசுவுக்கும் கன்றுக்குட்டிக்கும் ஒரு பாட்டு எழுத நேரம் ஒதுக்கினார். வெள்ளைப் பசுவும் கன்றும் வருகிற அந்தப் பாட்டை என் மாமனார் என் மகளுக்குச் சொல்லித்தந்தார். மகள் இப்போது தன் பிள்ளைகளுக்குப் பாடுகிறாள். அந்த வரிசையில் நான் எங்கேயும் இல்லை. அதைச் சொல்லிக் குறைப்பட எனக்கு வழி இல்லை.

இனி போன நவம்பர். ஓய்வூதியக்காரர்களுக்கு நவம்பர் என்றால் தெரியும், உயிரோடு இருக்கிறோம் என்று சான்று கொடுக்கவேண்டும். கைபேசியில் முகத்தைக் காட்டினாலே போதும் என்று மருமகன் சொல்கிறார். எனக்குத் தாளில் கையெழுத்துப் போட்டால்தான் உயிரோடு இருக்கிற நம்பிக்கை வருகிறது. படிவத்தை வங்கியிலிருந்து வாங்கிவந்து, நிதானமாக நிரப்பி, மேசைமேல் வைத்துவிட்டுக் கண்ணாடி துடைக்கப் போனேன். திரும்பி வந்தால் பேத்தி நாற்காலியில். கையில் ஸ்கெட்ச் பேனா. படிவத்தில், என் கையெழுத்துக்குப் பக்கத்தில், ஒரு உருண்டை, இரண்டு குச்சி, ஒரு மூக்கு.

"ஏய்!" என்று கத்திவிட்டேன்.

கையை ஓங்கவில்லை. ஆனால் அந்தக் குரல் எனக்கே பழகின குரல். முப்பத்தேழு வருடமாக எங்கோ மடித்து வைத்திருந்தது அப்படியே கசங்காமல் வெளியே வந்தது. பேத்தி என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. பேனா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். நிமிர்ந்தால், வாசல்படியில் என் மகள். அலுவலகத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், தோளில் பை. ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கவும் வரவில்லை. என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். முழங்கால் நடுங்கியது, அதற்கு வயசும் ஒரு காரணம்.

"இது என்ன மக்களே?" என்றேன். இங்கே ஒரே ஒரு பிள்ளையைக் கூப்பிட்டாலும் மக்களே என்கிறீர்கள். பதினான்கு வருடமாகக் கேட்டும் என் வாயில் அது வந்ததில்லை. அன்றைக்கு வந்தது.

"காக்கா" என்றாள், சத்தமே இல்லாமல்.

"வடை எங்க?"

என்னை ஒருதரம் பார்த்தாள். கேலி செய்கிறேனா என்று சோதித்தாள். பிறகு பேனாவைத் திறந்து, காக்காவின் மூக்கில் ஒரு வட்டம் போட்டாள். வட்டத்தின் நடுவில் ஒரு சின்ன ஓட்டையும் போட்டாள், உளுந்து வடை ஆயிற்றே. மகள் பையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று ராத்திரி எல்லோரும் படுத்தபிறகு அவள் அடுக்களையில் தனியாக இருந்தாள், மறுநாளைக்குத் தோசைமாவு எடுத்து வைத்துக்கொண்டு. நான் போய் நின்றேன். இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன்.

"சின்ன வயசுல நீ ஒரு காக்கா போட்டியே, ஞாபகம் இருக்கா?"

"இருக்குப்பா."

"அடிச்சேன்."

அவள் பாத்திரத்தை மூடினாள். "ராத்திரி முழிச்சுப் பார்த்தேன். நீங்க விளக்கு வச்சுக்கிட்டு எழுதிக்கிட்டே இருந்தீங்க. என் காக்காவைப் பக்கத்துல வச்சுப் பார்த்துப் பார்த்து எழுதினீங்க. அதைப் பார்த்து நீங்களும் எல்லாத் தாள்லயும் காக்கா போடுறீங்கன்னு நெனச்சேன். ரொம்ப நாள் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

எனக்குப் பேச வரவில்லை.

"அந்தத் தாளை என்ன பண்ணீங்க?" என்றாள்.

"கிழிச்சுட்டேன்."

"ம்."

"அடிச்சது ஞாபகம் இல்லையா?"

"அதுவும் இருக்குப்பா" என்றாள். கோபமாகவும் சொல்லவில்லை, மன்னித்த மாதிரியும் சொல்லவில்லை. அடுப்பு வால்வை மூடினாளா என்று ஒருமுறை பார்த்துவிட்டு விளக்கை அணைத்தாள்.

மறுநாள் வங்கிக்குப் போய் வேறு படிவம் வாங்கினேன். காக்கா உள்ள படிவம் என் ஓய்வூதியக் கோப்பில் இருக்கிறது. ஓட்டை போட்டு, கயிறு கோத்து, வரிசை எண் கொடுத்து வைத்திருக்கிறேன்.

அதற்கடுத்த வாரம் இன்னொன்று நடந்தது. இதை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

என் மனைவி காக்கைக்கு வைக்காமல் சாப்பிடமாட்டாள். உலையிலிருந்து இறக்கிய சோற்றில் ஒரு பிடி, பின்வாசல் மதில்மேல். முன்னோர்கள் வருவார்கள் என்பது நம்பிக்கை. அன்று ஞாயிற்றுக்கிழமை, பேத்தி கூடவே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆச்சி, காக்கா வடைய எடுத்தா கள்ளன்னு சொல்லுதோம். சோத்த மட்டும் நாமளே குடுக்கோம். அது ஏன்?"

ஆச்சியிடம் பதில் இல்லை. முன்னோர் விஷயத்தைச் சொன்னாள். பேத்தி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"பாட்டா, நீங்க செத்தா காக்கா ஆயிருவேளா?"

"சவமே, வாயக் கழுவு!" என்று அடுக்களையிலிருந்து கத்தினாள் ஆச்சி.

"ஆவேன்னுதான் நினைக்கேன்" என்றேன்.

"அப்ப நான் உங்களுக்கு வடை வைப்பேன். கள்ளன்னு சொல்லமாட்டேன்." அடுத்த நொடியே அவள் முகம் மாறிவிட்டது. "ஆனா எல்லாக் காக்காவும் ஒண்ணுபோலத்தான இருக்கும். நீங்கதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான சந்தேகம். அடையாளச் சான்று இல்லாமல் ஒன்றும் நடக்காது என்பது எனக்குத் தெரியாததா? நான் யோசித்தேன். "நீ 'போன்ஜூர்'னு சொல்லு. வேற காக்கா எதுக்கும் அது புரியாது. நான்தான்னா தலையச் சாய்ச்சுத் திரும்ப ஒரு தடவ கத்துவேன்."

"போன்ஜூர்னா?"

"வணக்கம். பிரெஞ்சுல."

இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மூக்கால் சொல்லவேண்டிய இடத்தில் சரியாகவே சொன்னாள். என் வாத்தியார் இருந்திருந்தால் அன்று அவளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பியிருப்பார். "பொறவு?" என்றான் சின்னவன், எங்கிருந்தோ வந்து. அவனுக்கும் சொல்லிக்கொடுத்தோம். அவனுக்கு "போஞ்சு" என்றுதான் வந்தது.

அடுத்த சனிக்கிழமை காலை பின்வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டுப் போனேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் பேத்தி நிற்கிறாள். மதிலில் சோறு. மூன்று காக்காக்கள். ஒவ்வொன்றாகக் கை நீட்டி, "போன்ஜூர்" என்கிறாள். கீழே சின்னவன் வாளியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

"என்ன மக்களே, நான் இங்கனதான இருக்கேன்?" என்றேன்.

"உங்களுக்குத் தெரியும் பாட்டா. காக்காவளுக்குத் தெரியாதுல்லா. இப்பமே சொல்லிப் பழகணும்."

முதல் காக்கா அவளை ஒரு கண்ணால் பார்த்தது. தலையைச் சாய்க்கவும் இல்லை, கத்தவும் இல்லை. சோற்றைக் கவ்விக்கொண்டு தென்னைக்குப் பறந்துவிட்டது.

"அது வேற யாரோ" என்று சொல்லிவிட்டு, பேத்தி அடுத்த காக்காவின் பக்கம் திரும்பினாள்.